ஈர எடை

தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றுதான் பெரியவருக்கு அந்தப் பயம் பிடித்தது. வேனிலிருந்து இறக்குவதற்காக அவனுடைய அக்குளில் கையைக் கொடுத்து ஒரு தம் கட்டித் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அவரே பின்னால் சாய்ந்து, வீட்டுக்குக் கீழேயே இருந்த கடையின் ஷட்டரில் முதுகை இடித்துக்கொண்டார். பளு இருக்கும் என்று நம்பித் தூக்கியவருக்குக் கையில் ஒன்றுமே வரவில்லை. முப்பது வருஷமாகப் பழைய பேப்பர் தூக்குகிற கை அது. ஒரு கட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தினாலே இத்தனை கிலோ என்று சொல்லிவிடும். அந்தக் கை அன்றைக்குச் சொன்ன கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கடை. செய்தித்தாள், நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி, காலி பாட்டில் எல்லாம் எடை போட்டு வாங்கி, ரகம் பிரித்து, ஆலைக்கு ஏற்றுவார்கள். எடை போடுவதும் பேசுவதும் அண்ணன். தூக்குவதும் சிரிப்பதும் தம்பி. தெருவில் அண்ணனைப் பெரியவர் என்பார்கள், தம்பியை மூட்டை என்பார்கள். தோளுக்கு ஒன்றாக இரண்டு கட்டுகளை வைத்துக்கொண்டு, சாய்த்துப் போட்ட பலகைமேல் சீட்டியடித்தபடி வேனுக்குள் ஏறுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைப்பார்கள்? கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், அண்ணி சமையலைவிட்டு வர மனசில்லை என்பான். அண்ணியும் அதை நம்பித்தான் பதினைந்து வருஷமாக அவனுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் குடலில் அடைப்பு. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, புண்ணும் ஆறியது. ஆனால் சாப்பாடு மட்டும் இறங்க மறுத்தது. வாயில் வைத்தால் குமட்டல், விழுங்கினால் வாந்தி. வாரக்கணக்கில் அப்படியே போனது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்ச் முழங்கைவரை ஏறியது. மூட்டை என்று கூப்பிடவே தெருவில் கூச்சப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்னும் சில நாள் வைத்திருக்கத்தான் நினைத்தார்கள். வார்டு வாசனையிலேயே தொண்டை அடைக்கிறது, வீட்டுக்குப் போனால் நாலு வாய் இறங்கும் என்று தம்பிதான் கெஞ்சினான். உணவு ஆலோசனை பார்க்கிற பெண்மணி, எல்லாரும் டயட் மேடம் என்று கூப்பிடுகிறவர், அரை மனதாகச் சம்மதித்தார். குட்டிக் குட்டிப் பாட்டிலில் வருகிற சத்துப் பானம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பார்க்கக் கைக்குள் அடங்கும், ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் சத்து அதற்குள் இருக்கிறதாம். இப்போதைக்கு ஒரு நாளைக்கு அரைப் பாட்டில்தான். அதுவும் சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், சிறு சிறு மடக்காக. குடிப்பதற்கு முன்னால் வைட்டமின் மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் எடை பார்த்து அவருக்குப் போன் செய்ய வேண்டும், இடையில் ரத்தம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்தான் கூட்டுவார், வீட்டில் யாரும் கூட்டக் கூடாது.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லவில்லை, பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“பட்டினி கிடந்த உடம்புங்க இது. கொஞ்சத்தை வச்சு உயிரோட இருக்கப் பழகிடுச்சு. திடீர்னு நிறைய உள்ள போனா, அதைச் செரிக்கறதுக்கு ரத்தத்துல இருக்கற உப்புச்சத்தையெல்லாம் இழுத்துக்கும். அப்புறம் இதயம் துடிக்கறதுக்கே மிச்சம் இருக்காது. புரியுதுங்களா?”

பெரியவர் புரிகிறது என்று பலமாகத் தலையாட்டினார். அவர் தலையாட்டலை எடை போட்டு வாங்கினால் ஒரு கிராம்கூடத் தேறாது. சத்து என்பது காதில் விழுந்தது, எடை ஏறும் என்பது விழுந்தது. மற்றதெல்லாம் டாக்டர்கள் வழக்கமாகக் காட்டுகிற பூச்சாண்டி என்று நினைத்துக்கொண்டார். சாப்பிடாமல் செத்தவன் உண்டு, சாப்பிட்டுச் செத்தவன் உண்டா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கடைக்கு வருகிற பையன்களுக்குத் தினமும் சொல்கிறவர்தான். ஊருக்குச் சொல்கிற உபதேசம் வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

மாடிப்படி ஏற முடியாது என்பதால், கடைக்குப் பின்னால் ரகம் பிரிக்கிற அறையைக் காலி செய்து தம்பிக்குக் கட்டில் போட்டார்கள். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேப்பர் கட்டு. நடுவில் ஒரு ஜன்னல். பானப் பாட்டில்கள் மாடியில் மனைவியின் பொறுப்பு. அவள் மருந்து அளக்கிற சின்னக் கோப்பையில் கோடு பார்த்து ஊற்றி, மூடி போட்டு எடுத்துவருவாள். தம்பி அதைக் குடித்து முடிக்க நேரமாகும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தெருக்கதை எல்லாம் சொல்லி முடிக்கிறவரை அவன் குடித்துக்கொண்டிருப்பான்.

முதல் தடவை எடை பார்த்த அன்று, கடையின் மேடைத் தராசில் ஒரு நாற்காலியைப் போட்டு அவனை உட்காரவைத்து, நாற்காலியின் எடையைக் கழித்தார்கள். முப்பத்தொன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிட இருநூறு கிராம் இறங்கியிருந்தது. போனில் டயட் மேடம் பதறவில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், அரைப் பாட்டிலே தொடரட்டும் என்றார். மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. பெரியவருக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு அவரால் கல்லாவில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே பாதியில் எழுந்து உள்ளே போவார். போர்வைக்கு மேலே நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். ஏறுகிற மாதிரி தெரியாது, குனிந்து மூக்கருகே விரலை வைப்பார், மூச்சுப் பட்டதும் திரும்பி வருவார். வந்து உட்கார்ந்தவுடன், இப்போது நின்றிருந்தால் என்று தோன்றும். மறுபடி எழுவார். இருநூறு கிராம். ஒரு செய்தித்தாள் கட்டில் இருநூறு கிராம் குறைந்தால் அவர் கண்டுகொள்ளக்கூட மாட்டார். இது தம்பி. இப்படித் தினமும் ஒரு கை அளவு குறைந்துகொண்டே போனால் ஒருநாள் கட்டிலில் போர்வை மட்டும்தான் கிடக்கும் என்று பயந்தார். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் பயம். சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போய், அதே பானத்தில் ஒரு பெட்டி வாங்கிவந்தார். வேனிலிருந்து பேப்பரோடு பேப்பராக இறக்கி, பள்ளிக்கூட நோட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். மனைவி அரைப் பாட்டில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனதும், இவர் ஒரு முழுப் பாட்டிலைத் திறந்து எடுத்துப் போனார். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்றார். தம்பி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தான். வாந்தி எடுக்கவில்லை. பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்று தங்கினால் இரண்டு தங்காதா? இரண்டு தங்கியது. அன்று ராத்திரிக்குள் மூன்று, நாலு. மறுநாள் அதை ஐந்தாக்கினார். காலி பாட்டிலை ஒளிக்கிற கவலை அவருக்கு இல்லை. பழைய சாமான் கடையில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? சாக்கில் போட்டால் நூறோடு நூற்றொன்று.

அடுத்த எடையில் இரண்டு கிலோ ஏறியிருந்தது.

தராசின் சிவப்பு எழுத்தை மூன்று தடவை அழித்துவிட்டு மூன்று தடவை பார்த்தார். அதே எண். மனைவி அன்று ரேஷன் வாங்கப் போயிருந்தாள். போன் செய்யச் சொல்லிவிட்டுத்தான் போனாள். பெரியவர் போனை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். இப்போதே சொன்னால் இவ்வளவு எப்படி ஏறியது என்று கேள்வி வரும். இன்னும் ஒரு தடவை பார்த்து, நன்றாக ஏறின பிறகு சொன்னால் அந்தம்மாவே வாயடைத்துப் போவார். மனைவி வந்து கேட்டதும், பேசியாயிற்று, ரொம்பச் சந்தோஷம் என்றார்கள் என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஏறின எடை தம்பியின் முகத்தில் தெரியவில்லை என்பதை அவரும் கவனிக்காமல் இல்லை. சிரிப்பு குறைந்திருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினான். ஒரு நாள் காலையில் அண்ணியை யார் என்று கேட்டுவிட்டு, உடனே சும்மா விளையாட்டுக்கு என்றான். தூக்கக் கலக்கம் என்று பெரியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்ட பிறகும் பயம் போகவில்லை. பயம் வந்தால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அன்றைக்கு ஆறாவது பாட்டிலையும் திறந்தார்.

மறுநாள் காலையில் ஒரு கிழிசல் சட்டைக்காரர் தள்ளுவண்டியில் செய்தித்தாள் கட்டு கொண்டுவந்தார். கட்டின் உயரத்துக்கும் தராசு காட்டுகிற எடைக்கும் சம்பந்தமில்லை. பெரியவர் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. கட்டின் நடுவில் கட்டைவிரலைச் சொருகி அழுத்தினார். உள்ளே சொதசொதவென்று ஈரம். இந்தத் தொழிலில் அது பழைய வித்தை. நடுவில் தண்ணீர் தெளித்துச் சுற்றிக் காய்ந்த தாளை வைத்துக் கட்டுவார்கள். எடை திடீரென்று ஏறினால் சந்தோஷப்படாதே, சந்தேகப்படு என்பதுதான் இந்தக் கடையின் முதல் பாடம். தள்ளுவண்டிக்காரரை அதைச் சொல்லியே விரட்டினார். விரட்டிவிட்டு உள்ளே போய், தம்பியை நாற்காலியோடு தராசில் ஏற்றி, மேலும் இரண்டரைக் கிலோ என்று பார்த்து, மாடியைப் பார்த்து மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். மனுஷனுக்குக் கண் இரண்டு இருந்தும் ஒன்றைத்தான் திறந்து வைத்திருந்தார்.

மனைவி இறங்கி வந்தாள். எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா குழம்புவதா என்று தெரியாமல் நின்றாள். பெரியவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, நாடகத்தில் ராஜா வருகையை அறிவிக்கிறவர் மாதிரி எடையைச் சொன்னார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தார்.

“கால் எப்படி இருக்கு?” என்றார் டயட் மேடம். குரல் மாறியிருந்தது. “முழங்காலுக்குக் கீழ, எலும்பு மேல கட்டைவிரலை வச்சு அழுத்துங்க. எண்ணி அஞ்சு வரைக்கும். எடுத்துட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க.”

பெரியவர் தராசுக்கு முன்னால் மண்டியிட்டார். தம்பியின் வேட்டியை ஒதுக்கினார். குச்சியாக இருந்த கால் பளபளவென்று உருண்டு திரண்டிருந்தது. காலையில் அதைப் பார்த்து, சதை பிடித்துவிட்டது என்று மகிழ்ந்தவர்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் இறங்கியது. எடுத்தார். குழி அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெளியே அதே விரல் தொட்ட அதே சொதசொதப்பு.

இன்னொரு இடத்தில் அழுத்தினார், அங்கேயும் குழி. அது சதை இல்லை. இந்த உலகத்தில் வேறு யாரை ஏமாற்றினாலும் அவரை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது. நாலரைக் கிலோவும் தண்ணீர்.

“குழி விழுதுங்க” என்றாள் மனைவி, அவர் பேசாமல் இருந்ததால்.

மூச்சு வாங்குகிறதா, குழப்பமாகப் பேசுகிறாரா என்று வரிசையாகக் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் மனைவிதான் ஆமாம் என்று பதில் சொன்னாள். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியாக, ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் போகிறது என்று டயட் மேடம் கேட்டார்.

மனைவி பெரியவரைப் பார்த்தாள். சந்தேகத்தோடு பார்க்கவில்லை, சும்மா, அவரே சொல்லட்டும் என்று பார்த்தாள். பெரியவர் வாயைத் திறந்தார். ஆறு என்று சொல்லத்தான் திறந்தார்.

“நீங்க சொன்னபடிதாங்க” என்று வந்தது.

உடனே கிளம்பி வரச் சொல்லி அந்தம்மா போனை வைத்துவிட்டார். பாதி ஏற்றியிருந்த பேப்பரைத் தெருவிலேயே தள்ளிவிட்டு, வேனின் பின்பக்கம் மெத்தையைப் போட்டுத் தம்பியைப் படுக்கவைத்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றான். மனைவி தன்மேல் அவனைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டாள். பெரியவர் ஓட்டினார். கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் முன்னால் பார்ப்பதுமாக, இரண்டு தடவை மோத இருந்தார். சொல்லிவிட வேண்டும், இதோ இந்தச் சிக்னல் தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சிக்னல் தாண்டியது. அடுத்தது தாண்டியது. பின்னாலிருந்து மனைவி, பயப்படாதீங்க தம்பி, அண்ணன் ஓட்டுறார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவர் முதுகில் ஈட்டி மாதிரி இறங்கியது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் பச்சைத் திரைக்குப் பின்னால் தம்பியைக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டியில் கோடு ஓடியது. கோடு ஒரே சீராக ஓடவில்லை, நடுநடுவே தடுக்கி விழுந்து எழுந்தது. ரத்தம் எடுத்துப் போனார்கள். இளவயது டாக்டர் வந்து, இதய நோய் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். பிறகு டயட் மேடம் வேகமாக வந்தார். டாக்டரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பெரியவர் இரண்டடி தள்ளி நின்றாலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

தான் முதலில் சந்தேகப்பட்டது வேறு என்றார் டயட் மேடம். பட்டினிக்குப் பிறகு அதிகமாகச் சாப்பாடு கொடுத்தால் வருகிற சிக்கல் என்று நினைத்தேன், ஆனால் அரைப் பாட்டிலுக்கு இது நடக்காது, வீட்டில் சரியாகத்தான் அளந்து கொடுத்திருக்கிறார்கள், அவருடைய அண்ணியை எனக்குத் தெரியும். அப்படியானால் இது இதயமாக இருக்கலாம்.

இதயம்தான் என்று டாக்டரும் நினைத்தார். உடம்பிலிருக்கிற தண்ணீரை இறக்க ஊசி போடலாம் என்று நர்ஸிடம் சொன்னார். தண்ணீரோடு உடம்பிலிருக்கிற உப்பும் போய்விடும், ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று முடிவு வந்த பிறகு போடலாமே என்று டயட் மேடம் தயங்கினார். மூச்சுத் திணறுகிறவனை எவ்வளவு நேரம் காக்கவைப்பது என்றார் டாக்டர். இருவரும் தப்பாகப் பேசவில்லை. கையில் இருந்த கணக்கை வைத்துப் பேசினார்கள். கணக்கைக் கெடுத்தவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

பெரியவர் திரைப்பக்கம் ஓரடி எடுத்துவைத்து நின்றார். எத்தனையோ பேரை ஈரப் பேப்பருக்காக நடுத்தெருவில் நிற்கவைத்து மானத்தை வாங்கியவர். இன்று மனைவிக்கு முன்னால், இந்தப் படித்த பெண்மணிக்கு முன்னால், தம்பிக்கு எமனாக நின்றது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இதயம் என்றே முடிந்துவிடும். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்குத் தன்னைக் கண்டே பயம் வந்தது. திரை விலகி நர்ஸ் ஊசியோடு உள்ளே போவதைப் பார்த்தார்.

“ஆறு” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மனைவி திரும்பினாள்.

“ஆறு பாட்டிலுங்க. அரை இல்ல. நேத்து ஆறு. அதுக்கு முன்னால அஞ்சு, நாலு. இவளுக்குத் தெரியாது, நான்தான் ஒளிச்சுவச்சுக் குடுத்தேன். ஊசியை நிறுத்தச் சொல்லுங்க மேடம்.”

டயட் மேடம் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்ட நேரமில்லை. எத்தனை நாளாக, வைட்டமின் மாத்திரை போட்டானா என்று மட்டும் கேட்டார். பதில் வாங்கிய கையோடு திரைக்குள் ஓடினார். உள்ளே பேச்சு வேகமெடுத்தது. பானமெல்லாம் நிறுத்தம், முதலில் வைட்டமின் ஊசி, ரத்த முடிவு வந்ததும் குறைகிற உப்பைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும் என்று காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் முடிவும் வந்தது. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, திரைக்கு வெளியே நின்ற பெரியவரையும் ஒரு தடவை பார்த்தார். பிழைப்பானா என்று கேட்டதற்கு, இன்றைக்கும் நாளைக்கும் எதுவும் சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்றார்.

நடைபாதையில் இரும்பு நாற்காலிகள். பெரியவர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. அவள் கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கலையே” என்றாள் கடைசியில். “பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. எனக்கு மட்டும் இல்லையா பயம்? நான் தினமும் அந்தக் கோட்டைப் பாத்து ஊத்தறப்ப கை நடுங்கிட்டேதான் ஊத்தினேன்.”

 உள்ளேயிருந்து பெட்டியின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது தடுக்குகிறபோதெல்லாம் இருவரும் ஒன்றாகத் தலை நிமிர்ந்தார்கள். அப்படியே அந்தப் பகல் போனது.

தம்பி பிழைத்தான். இரண்டு நாள் எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரியாமல் கிடந்து, மூன்றாம் நாள் கோடு சீராக ஓட ஆரம்பித்தது. கால் வற்றத் தொடங்கியது. அண்ணியை அண்ணி என்று கூப்பிட்டான். அவள் முகம் கழுவ வெளியே போனதும், பெரியவர் கட்டிலோரம் குனிந்து, உனக்கு அது பிடிச்சுதாடா, பிடிச்சுத்தான் குடிச்சியா என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆமாம் என்று அவன் சொன்னால் பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

“எங்கே பிடிச்சுதுண்ணே” என்றான் தம்பி. மெதுவாகப் பேசினான். “வயிறு கல்லு மாதிரி இருக்கும். மூணாவதுக்கே குமட்டும். ஆனா நீ பாட்டிலைப் பிடிச்சுட்டு நிப்ப பாரு, அந்த மூஞ்சியப் பாக்க முடியாது. நான் குடிச்சு முடிச்சா ஒரு நாழி உனக்கு உயிர் வரும். அதுக்காகத்தான் குடிச்சேன்.”

பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பாட்டிலும் தம்பியின் பசிக்குப் போகவில்லை, அவருடைய பயத்துக்குப் போயிருக்கிறது. அவனை ஆறு பாட்டில் வரைக்கும் கொண்டுபோன பிசாசு அவர் முகத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அவர் அழுதார். தம்பி, விடுண்ணே, யாராவது பாத்தா நான் போயிட்டேன்னு நினைச்சுக்கப் போறாங்க என்றான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில்தான் எல்லாமே அளந்து நடந்தது. ஒவ்வொரு காலையும் ரத்தம் பார்த்தார்கள், டயட் மேடம் வந்து நின்று சரி என்றால்தான் பானம். அதுவும் கால் பாட்டில், ஒரு காகிதக் கோப்பையில். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை, தம்பியும் இந்தத் தடவை கெஞ்சவில்லை.

ஒரு காலையில் நர்ஸ் பாட்டிலைத் திறந்து கால் பங்கைக் கோப்பையில் ஊற்றி, பெரியவர் கையில் கொடுத்தாள். மீதியை மூடி போட்டுக் கட்டிலோர அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்கு யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடினாள். மனைவி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி மடக்கு மடக்காகக் குடித்தான். முடித்துவிட்டு, கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டான். உதட்டைத் துடைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்தான்.

“அண்ணே, பசிக்குதுண்ணே” என்றான்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பாட்டிலைப் பார்த்துச் சொன்னான், குழந்தை கேட்கிற மாதிரி, வெட்கமில்லாமல். கழுத்து எலும்பு இன்னும் அப்படியே துருத்திக்கொண்டுதான் இருந்தது. தண்ணீரெல்லாம் வற்றிப்போனதில் முன்னைவிட மெலிந்தே தெரிந்தான்.

பெரியவரும் அலமாரியைப் பார்த்தார். பாட்டில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. எழுந்தார், அதை எடுத்தார். தம்பியின் கண் கூடவே வந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் நர்ஸின் மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“மேடம் வந்து சொல்லட்டும்டா” என்றார்.

“கொஞ்சூண்டுதாண்ணே.”

“வேணாம்டா.”

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். போர்வைக்கு மேலே நெஞ்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பெரியவர் பார்த்தார். ஏறுகிற மாதிரி தெரியவில்லை. குனிந்து விரலை மூக்கருகே கொண்டுபோனார். கோபத்தில் அவன் அந்த விரலைத் தட்டிவிட்டான்.